கம்யூனிட்டி காலேஜ்ல ஹெல்த் கோர்ஸ், கரஸ்ல பி.ஏ. வரலாறு: கடலூர், பாண்டி பக்கம் இருக்கறவங்க எப்படி ஆரம்பிக்கறது

ப்ளஸ் டூ முடிச்சாச்சு, நீட் வரல இல்ல எழுதவே இல்ல, பெரிய நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்ட வீட்ல வழியில்ல, ஆனா ஆஸ்பத்திரி வேலைன்னா புடிக்கும். இப்படி இருக்கறவங்களுக்குத்தான் இத எழுதறேன். இன்னொரு கூட்டமும் இருக்கு, படிப்ப பாதில நிறுத்திட்டு கல்யாணம் ஆகி பிள்ளைங்க ஸ்கூலுக்கு போக ஆரம்பிச்சதும் நாமளும் ஏதாவது படிக்கலாமான்னு யோசிக்கற அக்காங்க, அவங்களுக்கும் இது பொருந்தும்.

என் கருத்த மொதல்லயே சொல்லிடறேன். ஹெல்த் கோர்ஸ நேர்ல போயி கையால தொட்டு படிங்க, வரலாற கரஸ்ல, அதாவது தொலைதூரக் கல்வில படிங்க. மாத்தி பண்ணா காசும் போச்சு வருஷமும் போச்சு. ரெண்டையும் ஒன்னா பண்ணலாமான்னா பண்ணலாம், 2022 ஏப்ரல்ல யுஜிசி (யுனிவர்சிட்டிங்களுக்கு விதி போடற மத்திய அமைப்பு) ஒரே நேரத்துல ரெண்டு படிப்பு படிக்கலாம்னு வழிகாட்டுதல் கொடுத்துட்டாங்க, ஒன்னு நேர்ல ஒன்னு கரஸ்லன்னா டைம் இடிக்காது. ஏன் வரலாறுன்னு கேப்பீங்க. லேப்லயும் வார்டுலயும் வேலை கெடைக்க டெக்னிக்கல் டிப்ளமோ போதும், ஆனா நாளைக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 2 மாதிரி அரசு வேலை பரீட்சை எழுதணும்னா டிகிரி வேணும், அந்த பரீட்சைங்களோட பொது அறிவு பேப்பர்ல இந்திய வரலாறு, தேசிய இயக்கம், தமிழ்நாட்டு வரலாறு பண்பாடு எல்லாம் பெரிய பங்கு. படிக்கறது ரெண்டு எடத்துல உதவும்னா எதுக்கு விடணும்.

சரி, கம்யூனிட்டி காலேஜ்னா என்ன. அமெரிக்காவுல இது பழைய விஷயம், இல்லினாய்ஸ்ல ஜோலியட்ங்கற ஊர்ல 1901லயே ஆரம்பிச்சிட்டாங்க. ரெண்டு வருஷம் படிச்சி நேரா வேலைக்கு போறது, இல்லன்னா அந்த மார்க்க எடுத்துக்கிட்டு யுனிவர்சிட்டிக்கு போறது. நம்ம நாட்டுல இது வந்தது பாண்டிக்குத்தான். பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி 1995ல ஆரம்பிச்ச கம்யூனிட்டி காலேஜ் லாஸ்பேட்டைல இருக்கு, இந்தியாவுலயே மொதல்னு சொல்லுவாங்க. யுனிவர்சிட்டி காலாப்பட்டுல, இது லாஸ்பேட்டைல, அட்மிஷன் அன்னிக்கு காலாப்பட்டு பஸ் ஏறிடாதீங்க. தமிழ்நாட்டுப் பக்கம் 2002ல வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் கொடுத்து நடக்கற சின்னச்சின்ன கம்யூனிட்டி காலேஜுங்க இருக்கு, டிரஸ்ட், சர்ச், ஆஸ்பத்திரி இப்படி யாராவது நடத்துவாங்க.

இதுல படிப்போட அமைப்பே வேற. யுஜிசி விதிப்படி நடக்கற பி.வோக்., அதாவது தொழிற்கல்வி டிகிரி மாதிரி படிப்புல வருஷத்துக்கு 60 கிரெடிட்டு (படிப்போட அளவ சொல்ற புள்ளி), அதுல 36 தொழில் பயிற்சிக்கு, 24தான் பொதுப் பாடத்துக்கு. ஒரு வருஷத்துல வெளிய வந்தா டிப்ளமோ, ரெண்டுல அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூணு முடிச்சா பி.வோக். டிகிரி. நடுவுல குடும்ப கஷ்டம்னு நின்னாலும் கையில ஏதோ ஒரு பேப்பர் இருக்கும், சாதாரண டிகிரில ரெண்டு வருஷத்தோட நின்னு பாருங்க, நெறைய காலேஜ்ல கையில இருக்கறது மார்க் ஷீட்டு மட்டும்தான்.

மொத வேலை, எந்த கோர்ஸ்னு முடிவு பண்றது. இங்கதான் ரொம்ப பேரு ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். ஆஸ்பத்திரில டாக்டர் தவிர மத்தவங்கள மூணு தட்டா வெச்சுக்கங்க. கீழ்த்தட்டு அசிஸ்டன்ட், அதாவது ஹெல்த் அசிஸ்டன்ட், ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்னு சொல்றது, நோயாளிய திருப்பி படுக்க வெக்கறது, குளிப்பாட்டறது, பிபி பாக்கறது, வீட்டுக்கே போயி வயசானவங்கள பாத்துக்கறது. நடுத்தட்டு டெக்னீஷியன், லேப், டயாலிசிஸ், எக்ஸ்ரே, ஆபரேஷன் தியேட்டர். மூணாவது நர்ஸ். இந்த மூணாவது கம்யூனிட்டி காலேஜ்ல கெடையாது, நல்லா மனசுல வெச்சுக்கங்க. ஏஎன்எம், ஜிஎன்எம், பி.எஸ்சி. நர்சிங் இந்த மூணுல ஒன்னு நர்சிங் கவுன்சில் ஒத்துக்கிட்ட காலேஜ்ல முடிச்சி கவுன்சில்ல பதிவு பண்ணாத்தான் நர்ஸ். போர்டுல வெள்ளைத் தொப்பி போட்ட பொண்ணு படம் போட்டு "ஒரு வருட நர்சிங் டிப்ளமோ"ன்னு எழுதியிருப்பாங்க, அது முடிச்சா நீங்க நர்சிங் அசிஸ்டன்ட், அவ்ளோதான். அந்த வேலை கேவலம்னு சொல்லல, நல்லா வேலை தெரிஞ்ச அசிஸ்டன்ட்டுக்கு எப்பவும் கிராக்கி உண்டு, ஆனா நர்ஸ் ஆகப்போறோம்னு நெனச்சி நர்ஸ் ஃபீஸ் கட்டாதீங்க.

டெக்னீஷியன் தட்டுக்கும் ஒரு சட்டம் வந்திருக்கு. 2021ல வந்த தேசிய அலைடு ஹெல்த்கேர் கமிஷன் சட்டப்படி அலைடு ஹெல்த் ப்ரொஃபஷனல்னா படிப்பு கொறஞ்சது 2,000 மணி நேரம், ரெண்டுல இருந்து நாலு வருஷத்துக்குள்ள பரவி இருக்கணும். ஆறு மாச லேப் டெக்னீஷியன் கோர்ஸ்னு யாராவது நோட்டீஸ் கொடுத்தா இந்த கணக்க கேளுங்க. ப்ளஸ் டூல பயாலஜி, கெமிஸ்ட்ரி எடுத்து நல்ல மார்க் இருந்தா கம்யூனிட்டி காலேஜுக்கு முன்னாடி ஜிப்மர், கோரிமேடு மதர் தெரசா இன்ஸ்டிட்யூட், தமிழ்நாட்டு அரசு மெடிக்கல் காலேஜுங்கள்ல இருக்கற டெக்னீஷியன் படிப்புக்கு அப்ளிகேஷன் போட்டு பாருங்க. பாண்டில நெறைய சீட்டு சென்டாக்ங்கற பாண்டி அரசோட அட்மிஷன் கமிட்டி வழியாத்தான், அதுல பாண்டி குடியிருப்பு சான்று வேணும், கடலூர்க்காரங்க அந்த கோட்டாவுல வர முடியாது. நம்ம வீட்ல இருந்து பாண்டி எல்லை கண்ணுக்கு தெரியுது, ஆனாலும் நாம வெளி மாநிலம், என்ன பண்றது.

ரெண்டாவது வேலை, ஆபீஸ்ல போயி கேள்வி கேக்கறது. தனியா போகாதீங்க, வீட்ல விவரம் தெரிஞ்ச மாமாவோ சித்தியோ கூட்டிட்டு போங்க, மரியாதையா உக்காந்து இதெல்லாம் கேளுங்க. சர்டிபிகேட்ட யாரு கொடுப்பாங்க, உங்க டிரஸ்ட்டா இல்ல யுனிவர்சிட்டியா. அந்த யுனிவர்சிட்டியோட இந்த வருஷ அங்கீகார லெட்டர காட்டுங்க. பிராக்டிகல் எந்த ஆஸ்பத்திரில, எத்தன மாசம், அந்த ஆஸ்பத்திரியோட ஒப்பந்தம் இருக்கா. போன பேட்ச் பிள்ளைங்க ரெண்டு பேரு நம்பர் கொடுங்க. கடைசி கேள்விக்கு முகம் மாறுச்சுன்னா எழுந்து வந்துடுங்க. பாண்டி பக்கம் ஒரு இன்ஸ்டிட்யூட்ல எங்க சொந்தக்கார பொண்ண சேத்தாங்க, ஆஸ்பத்திரி போஸ்டிங்னு சொல்லி ஒரு கிளினிக் ரிசப்ஷன்ல டோக்கன் கொடுக்க உக்கார வெச்சாங்க, வருஷம் முடியறப்ப அதுக்கு ஒரு ஊசி போட தெரியல.

அரசு வேலை கனவு இருந்தா இன்னொன்னு பண்ணுங்க. அரசு ஆஸ்பத்திரிக்கு ஆளு எடுக்கற எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) முன்னாடி விட்ட லேப் டெக்னீஷியன் நோட்டிஃபிகேஷன நெட்ல தேடி எடுங்க, எந்த படிப்பு, யாரு ஒத்துக்கிட்ட இன்ஸ்டிட்யூட்ல முடிச்சிருக்கணும்னு அதுலயே போட்டிருக்கும். அத பிரிண்ட் எடுத்துட்டு போயி உங்க கோர்ஸ் இதுல வருமான்னு கேளுங்க. வாயால சொல்ற பதிலு வேணாம், லெட்டர் பேட்ல எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.

சர்டிபிகேட் விஷயம் சீக்கிரம் முடிச்சிடறேன். பத்தாவது, ப்ளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக். வருமானச் சான்றுக்கு இ-சேவைல போட்டா நாள் ஆகும், ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே போட்டு வெச்சுடுங்க. எஸ்சி, எஸ்டி பிள்ளைங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இருக்கு, குடும்ப வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும். தமிழ்நாட்டு அரசு ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000 ரூபா, ஆனா கரஸ்ல படிச்சா கெடையாது. நீங்க நேர்ல சேர்ற கோர்ஸ் அந்த லிஸ்ட்ல வருதான்னு சேர்றதுக்கு முன்னாடி காலேஜ்ல கேட்டுக்கங்க. அப்புறம் ஒரிஜினல் மார்க் ஷீட்ட வாங்கி பீரோல வெச்சுக்கறேன்னு சொன்னா கொடுக்காதீங்க, சரிபாத்துட்டு அப்பவே திருப்பித் தரணும்னு யுஜிசியே சொல்லியிருக்கு. டி.சி. மட்டும் நடைமுறைல காலேஜ்ல வாங்கி வெச்சுக்குவாங்க.

போக வர கடலூர்ல இருந்து பாண்டி பஸ்ஸுதான். முள்ளோடை, கன்னியகோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு நின்னு நின்னு போகும், காலைல அரியாங்குப்பத்துல இருந்து முருங்கப்பாக்கம் வரைக்கும் ட்ராஃபிக் உயிர எடுக்கும். கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் பெரிய தனியார் மெடிக்கல் காலேஜுங்க இருக்கறதால அங்க போஸ்டிங் கெடைச்சா கடலூர் பிள்ளைங்களுக்கு பாதி அலைச்சல் மிச்சம்.

இப்ப சேந்தாச்சு. மொத மாசம் போஸ்டிங் போறதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டீங்களான்னு காலேஜே கேக்கணும், கேக்கலன்னா நீங்களே போயி போட்டுக்கங்க. மொத ஊசி, ஒரு மாசம் கழிச்சி ரெண்டாவது, மொத ஊசில இருந்து ஆறாவது மாசம் மூணாவது. ஊசி குத்திக்கறது பழகற பிள்ளைங்களுக்கு சகஜமா நடக்கும், அப்ப போயி அலையறதுல பிரயோஜனம் இல்ல.

லேப் கோர்ஸா இருந்தா மொதல்ல டியூப் கலர மனப்பாடம் பண்ணச் சொல்லுவாங்க. இத வெறும் மனப்பாடமா பண்ணா மறந்துடும், காரணத்தோட புடிச்சுக்கங்க. ஊதா மூடி டியூப்ல ஈடிடிஏன்னு ஒரு மருந்து இருக்கும், ரத்தத்துல இருக்கற கால்சியத்த அது கட்டிப் போட்டுடும், அதனால ரத்தம் உறையாது, செல்லு எண்ணிக்கை பாக்க அதான் வேணும். வெளிர் நீல மூடில சிட்ரேட், ரத்தம் உறையற நேரம் பாக்கறதுக்கு, இதுல கோடு வரைக்கும் ரத்தம் நெறையணும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்துன்னு கணக்கு, கொறஞ்சா ரிசல்ட் தப்பு. சாம்பல் மூடி சுகருக்கு, அதுல இருக்கற ஃப்ளோரைடு செல்லுங்க சக்கரைய தின்னுடாம நிறுத்தி வெக்கும். செவப்பு மூடி சீரத்துக்கு, அதாவது ரத்தம் உறைஞ்சப்புறம் பிரியற தெளிஞ்ச தண்ணிக்கு. எந்த வரிசைல எடுக்கணும்னா மொதல்ல கிருமி வளத்துப் பாக்கற கல்ச்சர் பாட்டில், அப்புறம் நீலம், செவப்பு, பச்சை, ஊதா, சாம்பல். புதுசா வர்ற பிள்ளைங்க பண்ற வேலை என்ன தெரியுமா, செவப்பு டியூப்ல ரத்தம் பத்தலன்னு ஊதா டியூப்ல இருந்து கொஞ்சம் ஊத்திடுவாங்க. ஈடிடிஏ பொட்டாசியம் உப்பா இருக்கும், அது கலந்தா ரிப்போர்ட்ல பொட்டாசியம் எகிறும், கால்சியம் தரைல கெடக்கும், அங்க வார்டுல டாக்டர் நல்லா இருக்கற மனுஷனுக்கு பொட்டாசியம் எறக்க மருந்து எழுத ஆரம்பிப்பாரு. பத்தலன்னா பத்தலன்னு சொல்லி மறுபடி குத்துங்க, பேஷன்ட் ரெண்டு திட்டு திட்டுவாரு, வாங்கிக்கங்க.

குப்பைக்கும் கலர் உண்டு, 2016 விதி. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டு மஞ்சள் பையில, ட்யூப், க்ளவுஸ், ஊசி கழட்டின சிரிஞ்சு செவப்புல, ஊசி பிளேடு எல்லாம் குத்தினாலும் கிழியாத வெள்ள டப்பால, கண்ணாடி பாட்டில் நீலத்துல. வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல கண்டிப்பா கேப்பாங்க. அதவிட, தப்பா போட்டா காலைல பை தூக்க வர்ற அக்கா கையில ஊசி ஏறும், அத நெனச்சி போடுங்க.

ரெக்கார்ட் நோட்ட அன்னன்னிக்கே எழுதி கையெழுத்து வாங்கிடுங்க, மாடல் எக்ஸாம் நேரத்துல சிஸ்டருங்கள தேடி வார்டு வார்டா ஓடற கூத்து வேணாம்.

இனி வரலாறு. ஹெல்த் கோர்ஸ கரஸ்ல படிக்கக் கூடாதுன்னு ஆரம்பத்துல சொன்னேனில்ல, அது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்ல, நர்சிங், பிசியோதெரபி மாதிரி படிப்புகள கரஸ்ல நடத்த யுஜிசி விடறதில்ல, 2025ல மைக்ரோபயாலஜி, நியூட்ரிஷன், சைக்காலஜியையும் கரஸ்ல சேர்க்கைய நிறுத்தச் சொல்லிட்டாங்க. வரலாறுக்கு அந்த தடை இல்ல. தமிழ் மீடியம் வேணும்னா திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நம்ம மாவட்டத்துலயே சிதம்பரத்துல அண்ணாமலை யுனிவர்சிட்டி. இங்கிலீஷ்ல சமாளிப்பேன்னா இக்னோ, அதாவது மத்திய அரசோட இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இக்னோல வருஷத்துக்கு ரெண்டு தடவ சேர்க்கை, ஜனவரி, ஜூலை, அசைன்மென்ட்டுக்கு 30, பரீட்சைக்கு 70, பரீட்சை ஜூன்லயும் டிசம்பர்லயும் வரும். உங்க டிப்ளமோ பிராக்டிகலும் அதே மாசம் வந்தா என்ன பண்றதுன்னு முன்னாடியே யோசிச்சி, அந்த தடவ ரெண்டு பேப்பர மட்டும் எழுதுங்க, எல்லாத்தையும் கட்டிட்டு அரியர் வெக்கறதுக்கு இது மேல்.

சேர்றதுக்கு முன்னாடி டிஜிலாக்கர்ல ஏபிசி ஐடி (உங்க கிரெடிட்ட சேத்து வெக்கற கணக்கு நம்பர்) எடுத்துட்டு, யுஜிசியோட தொலைதூரக் கல்வி சைட்ல டெப் ஐடி (கரஸ் மாணவருக்கான நம்பர்) போடணும், 2024ல இருந்து இது இல்லாம கரஸ் சேர்க்கை கெடையாது. அந்த சைட்லயே எந்த யுனிவர்சிட்டிக்கு எந்த கோர்ஸுக்கு அனுமதின்னு லிஸ்ட் இருக்கும், உங்க பி.ஏ. அதுல இருக்கான்னு பாத்துட்டு காசு கட்டுங்க. ப்ளஸ் டூ எழுதாம நேரா டிகிரி வாங்கித் தர்றோம்னு யாராவது வந்தா தலை ஆட்டாதீங்க, தமிழ்நாட்டு அரசு வேலைக்கு பத்தாவது, ப்ளஸ் டூ முடிச்சி வாங்குன டிகிரிதான் செல்லும். பாதில நின்ன அக்காங்களா இருந்தா மொதல்ல ப்ளஸ் டூ தனித்தேர்வு எழுதி முடிங்க, அவசரம் வேணாம்.

கரஸ் புத்தகத்த மட்டும் வெச்சி படிச்சா தூக்கம்தான் வரும். நமக்கு அதிர்ஷ்டம் என்னன்னா பதினெட்டாம் நூற்றாண்டு பாடம் முழுக்க நம்ம பஸ் ரூட்லயே இருக்கு. 1690ல இங்கிலீஷ்காரன் தேவனாம்பட்டினம் கோட்டைய செஞ்சில இருந்த மராட்டியர்கிட்ட வாங்கறப்ப, கோட்டைல இருந்து பீரங்கி சுட்டு குண்டு விழுந்த தூரம் வரைக்கும் நெலம்னு பேச்சு. அந்த கிராமங்களுக்கு குண்டு கிராமம்னு பேரு, குண்டு உப்பலவாடி, குண்டு சாலைன்னு இன்னிக்கும் ஷேர் ஆட்டோக்காரரு கூப்புடறாரு. சில்வர் பீச்சுக்கு சுண்டல் சாப்பிட போறப்ப கெடிலம் முகத்துவாரம் பக்கம் ஒரு எட்டு நடந்து பாருங்க, செயின்ட் டேவிட் கோட்டைன்னு புத்தகத்துல வர்றது அங்கதான். 1758ல பிரெஞ்சு தளபதி லாலி வந்து அத புடிச்சாரு, 1761ல இங்கிலீஷ்காரன் பாண்டிய புடிச்சி இடிச்சான், 1763 பாரிஸ் உடன்படிக்கைல பாண்டி திரும்ப பிரெஞ்சுக்காரன்கிட்ட. கடலூரையும் பாண்டியையும் பக்கத்து பக்கத்துல ஒரு பேப்பர்ல வரைஞ்சி இந்த வருஷத்த எல்லாம் அம்புக்குறி போட்டு எழுதினா கர்நாடகப் போர் (இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இங்க மோதிக்கிட்டது) பத்து மார்க் கேள்வி முடிஞ்சது.

பாண்டில எறங்கினா ரங்கப்பிள்ளை தெருல ஆனந்தரங்கப் பிள்ளையோட வீடு இருக்கு, பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவரு, 1736ல இருந்து 1761ல சாகற வரைக்கும் டைரி எழுதினாரு, அதுவும் நாம இப்ப பேசற மாதிரி பேச்சுத் தமிழ்ல, கப்பல் எப்ப வந்தது, யாரு யாருக்கு என்ன சலாம் வெச்சாங்க, எல்லாம் இருக்கும். லைப்ரரில கேட்டு பத்து பக்கம் படிங்க, முதன்மைச் சான்றுன்னா என்னன்னு வாத்தியார் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்ல. அரியாங்குப்பத்துல எறங்கி காக்காயந்தோப்பு பக்கம் போனா அரிக்கமேடு, 1945ல தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டி ரோம் நாட்டு மண்பாண்டம் எடுத்த எடம், இப்ப போனா மாந்தோப்பும் இடிஞ்ச சுவரும்தான் இருக்கும், அதனால பாண்டி மியூசியத்துல அந்த மணி, ஜாடி எல்லாம் பாத்துட்டு அப்புறம் போங்க, அப்பத்தான் புரியும்.

தேதிய ஞாபகம் வெக்க என்கிட்ட ஒரு பழக்கம் உண்டு, எடத்தோட கட்டி வெப்பேன். பாண்டி பக்கத்துல இருக்கற கீழூர்னா 1954 அக்டோபர் 18, பிரெஞ்சு ஆட்சில இருந்த பகுதிகளோட மக்கள் பிரதிநிதிங்க 178 பேர்ல 170 பேரு இந்தியாவோட சேரணும்னு ஓட்டு போட்டது, நவம்பர் 1 ஆட்சி கைமாறினது, சட்டப்படி சேந்தது 1962 ஆகஸ்ட் 16. கடலூர் ஜெயில்னா 1918, பாரதியார் பாண்டிய விட்டு வெளிய வந்த ஒடனே புடிச்சி வெச்சது. ஜிப்மர்னா 1823, பிரெஞ்சுக்காரன் பாண்டில ஆரம்பிச்ச மருத்துவப் பள்ளில இருந்துதான் அதோட கதை தொடங்குது. லேப் போஸ்டிங்ல ஜிப்மர் போற பிள்ளைங்க இத தெரிஞ்சு வெச்சிருந்தா அங்க இருக்கற சீனியருங்ககிட்ட பேச ஒரு விஷயமாச்சு.

டைம் எப்படி பிரிக்கறதுன்னா, போஸ்டிங் நாள்ல வரலாற தொடாதீங்க, கால் வலில ஒன்னும் ஏறாது. பஸ்ல ஒரு மணி நேரம் கெடைக்குது, அதுல ஒரு யூனிட்ட போன்ல படிச்சிடலாம், எழுதற வேலைய ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்கங்க. அசைன்மென்ட்ட கடைல காசு கொடுத்து வாங்கி காப்பி அடிக்கறவங்க இருக்காங்க, மார்க் வரும், ஆனா பரீட்சை ஹால்ல உக்காந்து ஐஞ்சு பக்கம் எழுதற கை பழக்கம் வராது.

முடிச்சதுக்கு அப்புறம் வழி எப்படின்னா, டிப்ளமோ வந்த ஒடனே ஒரு நல்ல லேப்லயோ ஆஸ்பத்திரிலயோ சேந்துடுங்க, சம்பளம் ஆரம்பத்துல கம்மியாத்தான் இருக்கும், நைட் ஷிஃப்ட் இருக்கற எடமா பாத்தா வேலை சீக்கிரம் பழகும், நைட்ல ஆளு கம்மி, எல்லாத்தையும் நீங்களேதான் பண்ணணும். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்ட வேலைய விடற அன்னிக்கே வாங்கிடுங்க, ரெண்டு வருஷம் கழிச்சி கேட்டா மேனேஜர் மாறியிருப்பாரு. பி.ஏ. முடியறதுக்குள்ள டிஎன்பிஎஸ்சி ஒன்டைம் ரிஜிஸ்ட்ரேஷன் போட்டு வெச்சுக்கலாம், குரூப் 4க்கு பத்தாவதே போதும், அத எழுதி பழகுங்க. வரலாறு ரொம்ப புடிச்சி போச்சுன்னா எம்.ஏ. முடிச்சவங்களுக்கு சென்னைல தொல்லியல் துறை நடத்தற கல்வெட்டு, தொல்லியல் டிப்ளமோ இருக்கு. பாண்டில ஒயிட் டவுன் சுத்திக் காட்டற கைடு வேலை பாக்கணும்னா சுற்றுலா அமைச்சகத்தோட ஆன்லைன் டூரிஸ்ட் ஃபெசிலிடேட்டர் கோர்ஸ் இருக்கு, காலைல லேப், சனி ஞாயிறு கைடுன்னு ஓட்டறதுக்கும் வழி இருக்கு, பிரெஞ்சு நாலு வார்த்தை தெரிஞ்சா இன்னும் நல்லது.

இப்ப ஒடனே பண்ண வேண்டியது ரெண்டுதான். வருமானச் சான்றுக்கு இ-சேவைல போடறது ஒன்னு, டிஜிலாக்கர்ல பேரும் பொறந்த தேதியும் பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கற மாதிரியே ஆதார்ல இருக்கான்னு பாக்கறது இன்னொன்னு. இனிஷியல் முன்னாடி பின்னாடி மாறி இருந்தா டெப் ஐடி போடறப்ப மாட்டும், அத இப்பவே ஆதார் சென்டர்ல சரி பண்ணிடுங்க, அட்மிஷன் நேரத்துல அங்க கூட்டம் தாங்காது.